காடை உரிக்கும் கத்தி வளைய வேண்டும்

கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சற்றுக் கூட்டிச் சொல்வது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஒரே கத்தியை ஆயுள் முழுதும் வைத்திருந்ததாகச் சொல்பவர் உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் முயலை உரித்ததாகச் சொல்பவரும் உண்டு. அவர்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கும் குறைவில்லை. அவற்றை நம்பிக் கத்தி வாங்கியவர்கள் என்னிடம் வந்து வருந்தியிருக்கிறார்கள். ஆகவே, நானே கண்டதையும், உரியவர் தம் வாயால் என்னிடம் சொன்னதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். விலை எழுதவில்லை, ஓய்வுபெற்ற பிறகு நான் கடையில் விசாரிக்கவில்லை. கத்தி செய்யும் நிறுவனங்களின் பெயரும் எழுதவில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரும் உள்ளே கிடந்த கத்தியும் ஒரே ஊரில் பிறந்தவைதாமா என்பதை என்னால் உறுதிசெய்ய முடிந்ததில்லை.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், காடை, முயல், நாட்டுக்கோழி ஆகியவற்றை உரித்துத் துப்புரவு செய்து, உணவகங்களுக்கும் விருந்து வீடுகளுக்கும் அனுப்பும் கூடம் ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தேன். இப்போது அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், மலிவாகவும் நன்றாகவும் ஒரு கத்தி சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். வேட்டை என்னும் சொல்லை நான் கத்திப் பெட்டிகளின்மேல் மட்டுமே கண்டிருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். காட்டு முயலைத் தொடச் சட்டம் இடம் தராது. எங்கள் முயல் கூண்டில் பிறந்து, மூட்டைத் தீவனம் தின்று, ஆட்டோவில் ஏறி எங்களிடம் வந்து சேரும். அதைத் துரத்திப் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை.

எங்கள் முதலாளி அவ்வூரின் பழைய வேளாண் குடும்பத்தவர். நெல் விளைந்த நிலம் மனைகளாகிப் போனபின், எஞ்சிய மூலையில் இக்கூடத்தை எழுப்பினார். அவரிடம் நான் கற்றவை பல. அவற்றில் பெரும்பகுதி, அவர் செய்வதை அருகிலிருந்து பார்த்து, அவ்வாறு செய்யலாகாது என்று கற்றுக்கொண்டவை. அந்த வகையில் அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஒருநாள் அவர் கைப்பேசியில் பார்த்து வரவழைத்த கத்தி ஒன்று வந்து சேர்ந்தது. பெட்டியின்மேல் கிளைக்கொம்பு மான். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி. முதுகில் ரம்பப் பற்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள உறை. கைப்பிடியின் அடியில் ஒரு திசைகாட்டியும் பதிக்கப்பட்டிருந்தது. திருவேற்காட்டிலிருந்து நாள்தோறும் வந்து உரிப்பு மேசையை நடத்திய குமாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, இந்த முள்ளு இன்னாத்துக்குக் கீது?"

"அது தெச காட்டுறதும்மா. வடக்கு எதுன்னு சொல்லும்."

"காடை எந்தப் பக்கம் ஓடிச்சுன்னு பாக்குறதுக்கா? அதான் கூண்டுல கீதே!"

காடையை உரிப்பதில் பெரும்பகுதி விரலின் வேலை என்பதை நீங்கள் இதற்குள் அறிந்திருப்பீர்கள். கழுத்தருகே ஒரு சிறு கீறல். அதில் விரலை நுழைத்தால் தோல் கையோடு வந்துவிடும். முயலுக்குப் பின்னங்காலில் ஒரு கீறல். பிறகு ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல் இழுத்தால் போதும். கத்தி வாசலைத் திறந்துவிடுவதோடு சரி. இதற்கு வாங்கிய அந்த வேட்டைக் கத்தி, வாசலைத் திறக்கப் போய்க் குடலையும் திறந்தது. அன்றைக்கு உரித்த முதல் முயலைக் கழுவிக் கழுவியே ஒரு வாளித் தண்ணீர் தீர்ந்தது. அதன்பின் அக்கத்தி முதலாளியின் மேசையில் காகிதங்கள் பறக்காதிருக்க உதவியது. அப்பணியை அது குறைவின்றிச் செய்தது என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

இந்நிலையில்தான் துரை வந்தார். துரை, முதலாளியின் மனைவிக்குத் தம்பி. பாடியில் சிறிய கடைசல் பட்டறை வைத்திருந்தார். மேசைமேல் கிடந்த வேட்டைக் கத்தியைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மாமா, இத்த வச்சுகினு புலி அடிக்கப் போறியா?"

"கிண்டல் பண்ணாத மச்சான். உரிக்கறதுக்குக் கத்தி சரியா அமையல."

"அதுக்கு ஏன் மாமா கடைகடையா அலையுற? நம்ம பட்டறைல ஒடஞ்ச ஆக்ஸா பிளேடு குமிஞ்சு கெடக்குது. ஒரு தேய் தேச்சுக் குடுக்குறேன், சேவிங்கே பண்ணலாம்."

இரும்பை அறுக்கும் பெரிய ரம்பத் தகடு முறிந்தால், அதன் துண்டைச் சாணைச் சக்கரத்தில் தீட்டி, பிடிக்குக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிக் கத்தியாக்குவது அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். அக்கத்தி இல்லாத வீடே அங்கு இல்லை என்று எழுத ஆசைதான். நான் போன வீடுகளில் பலவற்றில் அதைக் கண்டிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மறுவாரமே துரை ஒரு கட்டுக் கொண்டுவந்தார். முன்கையில் தண்ணீர் தொட்டு, கத்தியை ஒருமுறை இழுத்துக் காட்டினார். மயிர் உதிர்ந்து தோல் பளிச்சென்றது. கூடமே வாயடைத்து நின்றது. முன்கையைச் சிரைப்பது எங்கள் தொழிலில் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அக்கத்தி பல மாதங்கள் பழுதின்றி உழைத்தது. குமாரிக்கு அதன்மேல் தனிப் பிரியமே உண்டாயிற்று. வேறொருவர் எடுத்தால் கோபித்துக்கொள்வார். முதலாளியோ, இலவசமாகக் கிடைத்ததாலேயே அது உயர்ந்தது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையின் குடியிருப்பிலிருந்து டெய்சி என்பவர் எங்களிடம் வாடிக்கையாக வாங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர். தொழிற்சாலையில் உருப்படிகளைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் அவர் பணி. அவருடைய மகளுக்குப் புதுநன்மை, அதாவது தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கு. ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசை, நண்பகலில் வீட்டில் விருந்து. வருகிறவர்களில் பெரும்பாலோர் மகளின் வகுப்புத் தோழர்கள். ஒவ்வொரு பிள்ளையின் இலையிலும் ஒரு முழுக் காடை பொரித்து வைப்பதென்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, பூசைக்கு முன் தாமே வந்து காடையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு காலை, காடைகள் அனைத்தையும் உரித்துப் பனிக்கட்டித் தொட்டியில் இட்டாயிற்று. தோலும் கழிவும் நிறைந்த பீப்பாயை, மீன் பண்ணைக்குத் தீவனமாக ஏற்றிச் செல்லும் வண்டி எடுத்துப் போய்விட்டது. குமாரி கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயை மூடாமலேயே என்னை அழைத்தார்.

"சார், இங்க வாங்க. கத்திக்கு மூக்கக் காணோம்."

பார்த்தேன். கூர்முனை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. அரிசி மணியில் பாதியளவு எஃகு முறிந்து போயிருந்தது. முறிந்த வாய் பளபளவென்று புதிதாக இருந்தது.

"எப்ப ஒடஞ்சது?"

"தெரியலயே சார்."

"டீ குடிக்கப் போகும்போது முனை இருந்ததா?"

"நான் இன்னா கத்தி மூக்கையா பாத்துகினு இருப்பேன்? வெரலு போயிடப் போதுன்னு கையப் பாத்துகினு இருந்தேன். காலைல வரும்போது இருந்துச்சு, அது சத்தியம்."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திராது. அவருக்கும் அது தெரியும். கத்தியை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மேசையைத் துடைத்தோம், தரையைத் துழாவினோம், வடிகால் வலையைக் கழற்றி உதறினோம். கிடைக்கவில்லை. தேநீருக்கு முன் உரித்ததும் பின் உரித்ததும் ஒரே தொட்டியில் கலந்திருந்தமையால், ஐயம் தொட்டி முழுமைக்கும் பரவியது. மாற்றுக் கேட்டுக் காடைப் பண்ணைக்குப் பேசினேன், பருவம் வந்த காடை அன்றைக்குக் கைவசமில்லை என்றார்கள். பிறகு முதலாளியை அழைத்துச் சொன்னேன். அவர் சிறிதும் கலங்கவில்லை.

"தோலோட போயிருக்கும் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வேற எங்க போவும்?"

அவருடைய தருக்கத்தில் ஓர் எளிமை உண்டு. எனினும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துரைக்குச் செய்தி சொன்னார். துரை பாடியிலிருந்து இருசக்கர வண்டியில் பறந்து வந்தார். கையில் ஒரு பெரிய காந்தம். பட்டறைத் தரையில் சிதறும் இரும்புச் சீவலைப் பொறுக்க அவர் வைத்திருப்பது அது. தாடி வளர்த்ததுபோல் அதைச் சுற்றி இரும்புத் தூள் அப்பியிருந்தது. நேராகத் தொட்டியை நோக்கி நடந்தவரைக் குமாரி மறித்தார்.

"அண்ணாத்தே, நில்லு! ஒரு துண்டத் தேடப் போயி ஊர்ப்பட்ட துண்டக் கொட்டிட்டு வரப் போறியா?"

தூளைத் துடைத்து, காந்தத்தை நெகிழிப் பைக்குள் இட்டு, ஒவ்வொரு காடையின் மேலும் நடத்தினோம். ஒன்றன் காலிடுக்கில் ஏதோ தடக்கென்று ஒட்டியது. நால்வரும் குனிந்தோம்.

"இது நம்ம பிளேடு இல்ல மாமா," என்றார் துரை. "கூண்டுக் கம்பி. நுனி முறிஞ்சு குத்திகினு கீது."

அன்றுவரை நாங்கள் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை. ஆகையால் அன்றுவரை எங்கள் கறியில் இரும்பு இருந்ததில்லை. முதலாளிக்கோ இக்கண்டுபிடிப்பு பெருமகிழ்ச்சி அளித்தது.

"பாத்தீங்களா சார்? இத்தினூண்டு கம்பியையே இழுக்குது. நம்ம துண்டு இருந்தா வுட்டுருமா? பூராத்தையும் பாத்தாச்சு. டப்பால போடு குமாரி."

நான் துரையிடம் கேட்டேன்: "கம்பி மேல இருந்தது. துண்டு உள்ள முதுகெலும்பு ஓரமா சிக்கியிருந்தா இழுக்குமா?"

"இழுக்கலாம் சார்."

"இழுக்குமா?"

"இழுக்கலாம்னுதானே சார் சொல்றேன்."

இளைய நண்பர்களே, இத்தகைய நேரங்களில் நம் முன்னே நிற்பவர்கள் தீயவர்களாக இருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். முதலாளி எவருக்கும் கேடு நினைத்தவரல்லர். அவருக்கு வேண்டியிருந்தது, ஆபத்து இல்லை என்று எவரேனும் சொல்வது. துரைக்கு வேண்டியிருந்தது, தாம் தீட்டிய கத்தியின்மேல் பழி விழாதிருப்பது. எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது: இந்த முடிவை வேறொருவர் எடுப்பது. மூவருடைய விருப்பத்தையும் அந்தக் காந்தம் ஒருசேர நிறைவேற்றிக்கொண்டிருந்தது. அதனாலேயே அதன்மேல் எனக்கு ஐயம் பிறந்தது.

"அவங்ககிட்ட சொல்லிடுவோம்," என்றேன்.

"சார், சொன்னா கோட்ரஸ் பூரா தெரிஞ்சுடும். சொல்லலன்னா ஒர்த்தனுக்கும் தெரியாது."

"கடிக்கிற பிள்ளைக்குத் தெரியும்."

 அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டெய்சி பட்டுப்புடவையில் இறங்கினார். பின்னால் அவர் தம்பி, பெரிய எவர்சில்வர் டப்பாவுடன். முதலாளி கூரையில் ஒட்டடை ஏதும் உண்டா என்று ஆராயத் தொடங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். குமாரி அந்தக் கத்தியை எடுத்துக் காட்டினார்.

டெய்சி ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பணியில் அமர்ந்தவர்போல் வினவத் தொடங்கினார். அது இன்னும் கடினமாக இருந்தது.

"துண்டு கெடைக்கல?"

"இல்லம்மா."

"காந்தம் வச்சுப் பாத்தீய. சரி அண்ணாச்சி. அந்தக் காந்தத்த எத வச்சுப் பாத்தீய?"

எனக்குப் புரியவில்லை.

"அது இழுக்குமான்னு எப்படித் தெரியும்? அதே கத்தில இன்னொரு துண்டு ஒடச்சு, காடைக்குள்ள வச்சுப் பாத்தீயளா?"

நாங்கள் எவரும் அதை நினைக்கவில்லை. துரை மறுபேச்சின்றி, கத்தியின் மொட்டை முனையைக் குறட்டில் பிடித்து, அதேயளவு துண்டை முறித்தார். அதை ஒரு காடையின் உள்ளே முதுகெலும்போரம் செருகி, காந்தத்தை மேலே நடத்தினார். சிறு அசைவு தெரிந்தது. முதலாளி மூச்சுவிட்டார். டெய்சி காடையைப் புரட்டி வைத்தார்.

"இப்பப் பாருங்க."

காந்தம் அதைக் கடந்து போயிற்று, ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் நடத்தினார். மறுபடியும் ஒன்றுமில்லை. துண்டு உள்ளேதான் இருந்தது. வைத்ததை நாங்களே பார்த்திருந்தோம். அதை இடுக்கியால் வெளியே எடுத்துக் காகிதத்தில் மடித்தார் துரை. அதன்பின் அவர் காந்தத்தைத் தொடவில்லை.

"எங்க செக்சன்ல இப்படி வந்தா மொத்த லாட்டையும் தள்ளிருவோம்," என்றார் டெய்சி. குரல் உயரவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளிருங்க."

தம்பி பதறினார். "யக்கா, பூசைக்கு நேரமாச்சு. புள்ளைகளுக்கு எலையில என்னத்த வைக்க?"

"முட்ட வப்போம்."

"முட்டையா? புதுநன்மைக்கா? பாப்பா அழுவாளே!"

"அழட்டும்ல. முட்டைக்குக் கத்தி வேண்டாம்லா."

கூடத்தில் இருந்த காடை முட்டை, நாட்டுக்கோழி முட்டை முழுவதையும் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தோம். குமாரி வைக்கோல் பரப்பிப் பக்குவமாக அடுக்கினார். ஆட்டோ புறப்படும் வரை டெய்சி எங்களை நோக்கி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஒன்று சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தள்ளிய காடைகளைக் குப்பையில் இட முதலாளிக்கு மனம் வரவில்லை. ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டு, மறுபங்கைத் துரைக்குக் கொடுத்தார். தம் பங்கை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வீட்டில் வேறெவரையும் தொடவிடாமல் தாமே தின்றதாகப் பிறகு என்னிடம் சொன்னார். "பல்லுல படுதான்னு பாத்துகினே சாப்ட்டேன் சார். வாரம் பூரா. கடசி வரைக்கும் ஒண்ணும் படல." அவர் குரலில் ஏமாற்றமே மிகுந்திருந்தது.

இனிக் கத்திக்கு வருகிறேன். அடுத்த நாளே பாடியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், மேசை மரத்தில் முனையை ஊன்றி அழுத்திப் பார்த்து, ஒவ்வொரு கத்தியாகத் தள்ளினேன். ஒரு சிறு கத்தி வில்போல் வளைந்து நிமிர்ந்தது. இன்னும் அழுத்தியபோது முனை மடங்கியதேயன்றி முறியவில்லை. கடைக்காரர் பதறிப்போய், "சார், அது மட்டமான சரக்கு, வளையுது பாருங்க, வேற நல்லதா தரேன்" என்றார். அதுவே வேண்டும் என்றதும் என்னை இரக்கத்துடன் பார்த்து, வளைகிற குற்றத்துக்காகச் சற்றுக் குறைத்தே கொடுத்தார். மலிவான கத்தியைத் தேர்ந்தெடுப்பது பற்றி என் பணிக்காலம் முழுதும் நான் கண்ட உண்மை இவ்வளவுதான்: நமக்கு வேண்டிய குணத்தைக் கடைக்காரர் குறையாகக் கருதும்போது கத்தி மலிவாகக் கிடைக்கிறது.

அலகு உங்கள் ஆட்காட்டி விரலைவிட நீளமாக வேண்டாம். முனை சற்று மழுங்கியிருக்கட்டும், குடல் தப்பும். பிடி ஈரக்கையில் வழுக்காததாக, கறியோடு கலவாத நிறத்தில் இருக்கட்டும். வளைகிற எஃகு விரைவில் கூர் மழுங்கும். அடிக்கடி கல்லில் தீட்ட வேண்டும். உரிப்பவர்கள் முனகுவார்கள். குமாரி முனகினார். "இதுல காடை உரிக்கறதுக்குள்ள காடையே கெழடாயிடும் சார்" என்றார். ஆனால் அன்றுமுதல் ஒவ்வொரு தொட்டி நிறைந்ததும் கத்தியைக் கழுவி, முனையை என்னிடம் காட்டிவிட்டே அடுத்த தொட்டியைத் தொடங்கினார். அதை நான் சொல்லிச் செய்யவில்லை.

தெரியாதவற்றையும் சொல்லி முடிக்கிறேன். அந்தத் துண்டு எங்கே போயிற்று என்பது தெரியவில்லை. பீப்பாயோடு மீன் பண்ணைக்குப் போயிருக்கலாம், வடிகாலில் இறங்கியிருக்கலாம். துரை தம் பங்கை எவ்வாறு தின்றார் என்று கேட்டேன். எலும்புப் பக்கம் தாம் போவதில்லை என்றார். ஆகவே அப்பங்கு சோதிக்கப்படாதது. டெய்சி அதன்பின் எங்களிடம் வாங்க வரவில்லை. இரும்பு விழுந்ததற்காகவா, அதை நாங்கள் சொன்னதற்காகவா, மகளின் விருந்து கெட்டதற்காகவா என்பதும் தெரியவில்லை, நான் கேட்டதில்லை. மீதி முட்டையைத் திருப்பித்தர மறுநாள் வந்த அவர் தம்பி சொன்னதால் ஒன்று மட்டும் தெரியும்: பாப்பா சிறிது நேரம் அழுதாள்; பிறகு தோழிகளோடு உட்கார்ந்து முட்டையைத் தின்றாள்.